கமென்கா குகையின் அகலம்

கமென்கா கிராமத்துக்கும் மாவட்ட நகருக்கும் நடுவில் இருக்கும் ரயில் குகை, உள்ளே வருகிறவர்கள் வழி விடும்படி கேட்டால் இரண்டு முழம் அகலும்; கேட்காவிட்டால் அகலாது. அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இதைப் பெரிய விஷயமாகப் பேசிக்கொண்டதில்லை. பேருந்தில் ஏறினால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம், வைத்தியர் வீட்டுக் கூடத்தில் நுழைந்தால் ஒரு வணக்கம், லிஃப்டில் முன்பின் தெரியாதவனுக்கும் ஒரு வணக்கம் என்று பழகிய ஜனங்கள், குகைக்கு மட்டும் சொல்லாமல் போய்விடுவார்களா? அறுபது வருடமாக ஓடிய பழைய சிவப்பு வண்டியில், குகைக்கு நூறு கஜம் முன்னால் நடத்துநர் ஜன்னலை இறக்குவார், தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் வழி விடுங்க" என்பார், ஜன்னலை ஏற்றிக்கொண்டு மீதி டிக்கெட்டுகளைக் கிழிக்கப் போய்விடுவார். கடைசி இருபத்தேழு வருடம் அப்படிச் சொன்னவள் ரூஷேனா. அவளுக்கு அது கொட்டாவி விடுவதைப் போலப் பழகிவிட்டது.

ரூஷேனாவின் புருஷன் அலோயிஸ் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். உலகத்தில் யாருக்கும் வணக்கம் சொல்லாதவன் என்று பெயர் வாங்கியவன். கல்யாணத்தன்று பாதிரியாருக்கே தலையை மட்டும் ஆட்டினான். "பொந்துக்கு எதுக்குடி மரியாதை, நாளைக்கு எலிப்பொந்துக்கும் சொல்லுவியா?" என்று அவளைச் சீண்டாத நாளில்லை. ஐம்பத்தெட்டாவது வயதில் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தின. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நகர மருத்துவமனைக்குப் போய் நான்கு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ரயிலில் ஐம்பது நிமிடம். மலைமேல் வளைந்து வளைந்து போகும் பேருந்தில் இரண்டரை மணி நேரம், அதுவும் பனி கொட்டிவிட்டால் கிடையாது. ஆகவே ரயில் ஓடும்வரை அலோயிஸும் ஓடுவான் என்பது அந்த வீட்டின் கணக்கு. நீர் கோத்திருக்கிறதா என்று ரூஷேனா தினமும் காலையில் அவனுடைய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். குழி விழுந்து மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனசுக்குள் எண்ணுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் புது வண்டி வரப்போகிறது என்று பிராந்திய அலுவலகம் அறிவித்தது. பாதையை அளக்கப் பொறியாளர் ஹவெல்காவும் மூன்று பேரும் வந்தார்கள். ரூஷேனா சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கசகசா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, அவர்களோடு குகைக்கு நடந்தாள். வாசலில் நின்று, "நகரத்திலேர்ந்து வந்திருக்காங்க, நல்லா வழி விடுங்க, நம்ம மானத்தக் காப்பாத்துங்க" என்று வழக்கத்தைவிட நாலு வார்த்தை சேர்த்தே கேட்டாள். விருந்தாளி வந்தால் நல்ல தட்டை எடுத்து வைப்பது மாதிரிதான் அவளுக்கு அது தோன்றியது. குகையும் மார்பை விரித்தது. நான்கு மீட்டர் அறுபது என்று ஹவெல்கா எழுதிக்கொண்டார். அவருடைய ஆட்கள் சுவர் நெடுகச் சிவப்புச் சாயத்தால் எண்களை அடித்துத் தள்ளினார்கள், ஆணிகளை இறக்கினார்கள், இடுக்குகளில் எல்லாம் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினார்கள். ரூஷேனா ரொட்டி பரிமாறினாள். அந்த அளவுக்குத்தான் வண்டி செய்யச் சொன்னார்கள்.

இரண்டு வருடம் கழித்து வண்டி வந்தது. பெரிய லாரியில் மலைச்சாலை வழியாக ஏற்றி வந்து, கமென்கா நிலையத்திலேயே தண்டவாளத்தில் இறக்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகான வண்டி. நீல நிறம், குளிர்சாதனம், கழிப்பறை மட்டுமே சிலர் வீட்டுச் சமையலறை அளவு. ஜன்னல் ஒன்றுகூடத் திறக்காது. அதைப் பற்றி அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பித்தளை வாத்தியம் முழங்க, மேயரம்மா யார்மிலா நாடாவை வெட்ட, வண்டி கிளம்பிப் பன்னிரண்டாவது நிமிடத்தில் குகை வாசலில் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் உடைந்து நின்றது. ரூஷேனா உள்ளே மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தியது வெளியே கேட்கவில்லை. ஹவெல்கா அளந்தார்: மூன்று மீட்டர் எண்பது. பிற்பகலில் காளான் பொறுக்கப் போன பெண் ஒருத்தி வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே நடந்தபோது மறுபடி அளந்தார்: நான்கு அறுபது. அந்த வாரத்தில் பதினொரு முறை அளந்து, கடைசியில் சராசரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய சிவப்பு வண்டியோ அதற்குள் கை மாறிவிட்டது. நகரத்துப் பல் டாக்டர் ஒருவர் அதை வாங்கி, சக்கரத்தைக் கழற்றி, ஏரிக்கரையில் வார இறுதிக் குடிலாக்கி, ஜன்னலில் பூத்தொட்டி வைத்துவிட்டார்.

மே மாதம் விவாதம் ஆரம்பித்தது. வியாழன்தோறும் மதுக்கடைக் கூடத்தில் கூடினார்கள், நவம்பர்வரை கூடினார்கள். மலையை வெட்டலாம் என்றார்கள் சிலர், வண்டியைச் சீவலாம் என்றார்கள் சிலர். ஒரே ஒரு ஜன்னலைத் திறக்கிற மாதிரி செய்யக் கூடாதா என்று கேட்டதற்கு, அதற்கு அனுமதி வாங்க நான்கு வருடம் ஆகும் என்று தொழிற்சாலையிலிருந்து பதில் வந்தது. புது வண்டியின் படி மூன்று அங்குலம் அதிக உயரம் என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை. இருக்கையின் நிறம் பற்றி ஒரு கூட்டம். ரூஷேனா கடைசி மேசையில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருப்பாள். பக்கத்தில் அலோயிஸ், மருத்துவர் அளந்து கொடுத்த சின்னக் கோப்பை பீரை இரண்டு மணி நேரம் உறிஞ்சுவான். மலைப் பேருந்தில் போய்வந்து அவன் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் வாந்தி. கணுக்கால் குழி மேலே வர இப்போது பதினேழு எண்ண வேண்டியிருந்தது. டிசம்பர் இரண்டாம் ஞாயிறு புது அட்டவணை வருகிறது, அதற்குள் வண்டி ஓடாவிட்டால் பாதையையே மூடிவிடுவோம் என்று ஹவெல்கா சொன்னார். ரூஷேனாவுக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. பேச்சு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

நவம்பர் கடைசி வியாழனில் அவள் எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுது. அளக்கற அன்னிக்கு நாந்தான் குகைகிட்ட வழி கேட்டேன். அதான் அளவு பெரிசா வந்துது."

மேயரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதுல என்ன தப்பு? கேக்காம உள்ள கூட்டிட்டுப் போயிருந்தா நம்மள என்ன நெனப்பாங்க?" என்றாள். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று கறிக்கடைக்காரர் சொன்னார். ஹவெல்காவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு வருஷமா இத ஏன்மா சொல்லல?"

"யாரும் கேக்கலையே சார். நீங்க அகலத்தத்தான கேட்டீங்க."

ஹவெல்கா நல்ல மனிதர்தான், அதிகாரியாகப் பிறந்தது அவர் குற்றமில்லை. மறுநாளே வண்டியின் முகப்பில் ஒலிபெருக்கி வைத்து, நகரத்து வானொலிக்காரர் ஒருவரின் இனிய குரலில் வணக்கத்தைப் பதிவு செய்து ஒலிபரப்பினார். குகை நான்கு விரற்கடை சுருங்கியது. ஆளை வாசலில் நிறுத்திக் கேட்கச் சொன்னார். உள்ளே வராதவன் கேட்டால் குகை காது கொடுக்கவில்லை. கறிக்கடைக்காரர் கேட்டுவிட்டு முன்னால் நடந்தபோது மட்டும் தாராளமாக விரிந்தது. ஆனால் ஓடும் வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் நடக்க ரயில்வே ஊழியரைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை. ஊழியர் என்று அந்தப் பாதையில் இருந்ததோ இரண்டே பேர். ஓட்டுநர் ராதிமீர் தன் அறையை விட்டு இறங்கக் கூடாது. மிச்சம் ரூஷேனா. அவள் சந்தோஷமாக ஓடிப்போய்க் கேட்டாள். குகை அசையவில்லை. மறுநாள் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். அந்தச் சிவப்பு எண்களையும் ஆணிகளையும் அது மறக்கவில்லை, கூட்டிக்கொண்டு வந்தவள் யார் என்பதையும் மறக்கவில்லை. இருபத்தேழு வருடப் பழக்கம் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று என்று ரூஷேனா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

டிசம்பர் முதல் செவ்வாயன்று பனி கொட்டி மலைச்சாலை மூடிக்கொண்டது. புதன்கிழமை அலோயிஸால் மருத்துவமனைக்குப் போக முடியவில்லை. ஹெலிகாப்டரைக் கேட்டார்கள், இந்த மூட்டத்தில் பறக்காது என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை அவன் கண் இமைகள் வீங்கியிருந்தன, மூச்சில் இரும்பு வாடை அடித்தது. கணுக்காலை அழுத்திய குழி, முப்பதுவரை எண்ணியும் மேலே வரவில்லை. அன்றுதான் கடைசிச் சோதனை ஓட்டம் என்று ஹவெல்கா ஏற்கெனவே குறித்திருந்தார். ரூஷேனா யாரையும் கேட்காமல் அலோயிஸைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து முதல் இருக்கையில் உட்கார வைத்தாள். ஹவெல்கா பார்த்துவிட்டுக் கதவை மூடச் சொன்னார்.

வண்டி குகை வாசலில் நின்றது. ரூஷேனா இறங்கினாள். வழி கேட்டாள். மன்னிப்புக் கேட்டாள். "என்மேல கோவம்னா என்மேலயே வச்சுக்கோங்க, உள்ள ஒரு உயிர் இருக்கு" என்றாள். கல் கல்லாகவே இருந்தது. ஹவெல்கா கடிகாரத்தைப் பார்த்தார். ராதிமீர் வெளியே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது கதவு சீறிக்கொண்டு திறந்தது. அலோயிஸ் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தான்.

"பயணி இறங்கக் கூடாதுங்க, விதி இருக்கு" என்றார் ஹவெல்கா.

"பயணியா? இன்னும் ரெண்டு நாள் போனா நான் சரக்கு. அப்ப எந்த விதின்னு பாத்து வைங்க."

"அலோயிஸ், எறங்காத, விழுந்துருவ" என்று ரூஷேனா ஓடிவந்தாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தான். தொப்பியைக் கழற்றினான். என்ன சொல்வதென்று தெரியாமல் வெகுநேரம் அதைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். பழக்கமில்லாத வேலை.

"எனக்கு இதெல்லாம் கேக்கத் தெரியாது. யார்கிட்டயும் கேட்டதில்ல. பொந்துன்னு உன்னக் கேவலமா பேசியிருக்கேன், இல்லன்னு சொல்லல. இவளுக்கு நான் இன்னும் கொஞ்ச நாள் வேணுமாம். ஏன்னு எனக்கும் புரியல. கொஞ்சம் தள்ளிக்க."

உள்ளே எங்கோ கல் உரசுகிற சத்தம் கேட்டது. வாசல் விளிம்பில் இருந்த பனி பொலபொலவென்று உதிர்ந்தது. ஹவெல்கா அளவுகோலைத் தேடிப் பையில் கைவிட்டு, பிறகு கையை எடுத்துக்கொண்டார். அலோயிஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடியே இருட்டுக்குள் நடந்தான். ரூஷேனா பக்கத்தில் விளக்குப் பிடித்தாள். வண்டி பின்னால் ஊர்ந்தது. குகையின் நானூறு மீட்டரில் மூன்று முறை அவன் நின்று மூச்சு வாங்கினான், மூன்று முறையும் வண்டி நின்றது. மருத்துவமனையில் அவனைப் பார்த்த டாக்டர், இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் தனக்கு வேலை இருந்திருக்காது என்றார்.

ஹவெல்காவின் அறிக்கையில் குகையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கமென்கா பாதையில் பயண நேரத்தோடு ஒன்பது நிமிடம் கூட்டப்படுகிறது என்று மட்டும் இருந்தது. அலோயிஸை முன்நடை ஊழியராக நியமித்து ஆரஞ்சு மேலங்கி ஒன்றும் கொடுத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி அவன் நடந்தான். மற்ற நாட்களுக்குக் கிராமத்தார் எல்லோருமே ஊழியரானார்கள். முறை வைத்து அந்த மேலங்கியையே வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அலோயிஸ் குகையோடு பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. பூட்டுகளைப் பற்றி, பல் டாக்டரைப் பற்றி, ரூஷேனாவின் முட்டைக்கோஸ் சூப்பைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொண்டே நடப்பான். மனிதர்களுக்கு அப்போதும் வணக்கம் சொல்லவில்லை. ரூஷேனா ஒரு நாளும் குகையிடம் வழி கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. மதுக்கடைக் கூட்டங்கள் இன்றும் வியாழன்தோறும் நடக்கின்றன. படியின் உயரம் இன்னும் முடிவாகவில்லை.

இப்படி ஆறு வருடம். ஏழாவது வருடம் மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை, மருத்துவமனைப் படுக்கையில் குழாய் மாட்டியபடியே அலோயிஸ் போய்விட்டான். ரூஷேனா அவனுடைய தொப்பியையும் மேலங்கியையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு பிற்பகல் வண்டியில் திரும்பினாள். குகை வாசலில் வண்டி நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் இறங்குகிறேன் என்று எழுந்த கறிக்கடைக்காரரை அவள் கையமர்த்தினாள். மேலங்கியைப் போட்டுக்கொண்டாள், அது அவளுக்கு முழங்கால்வரை வந்தது. வாசலில் நின்றவளுக்கு வழி கேட்க வாய் வரவில்லை.

"அலோயிஸ் இனிமே வரல" என்றாள். "நான் மட்டும்தான்."

குகை விரிந்தது. இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் போகிற அளவுக்கு விரிந்தது என்று ராதிமீர் சொல்கிறார், யாரும் அளக்கவில்லை. ரூஷேனா அழுதுகொண்டே நானூறு மீட்டரையும் நடந்தாள். வண்டி அவளுக்குப் பின்னால் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. கமென்கா போய்ச் சேரும்போது மணி நான்கு பத்தொன்பது. அட்டவணைப்படி அது சரியான நேரம்.