விருந்துக்குச் சுத்தம் செய்த காடு

என் வீட்டுக்காரர் மீரானுக்குக் கோபமே வராது. அவர் பங்கையும் சேர்த்து ஆண்டவன் எனக்கே கொடுத்துவிட்டான். அன்றைக்கு அது முழுதும் செலவானது.

கொடைரோட்டுக்குப் பக்கத்தில் அத்தா எனக்கு எழுதிவைத்த மேட்டு நிலம். கல்லும் முள்ளுமாகக் கிடந்ததை வேறு யாரும் கேட்கவில்லை. நானும் உழவில்லை, விற்கவில்லை. உசிலையும் வெள்வேலும் தானாக வளர்ந்தன, அடியில் சூரைப் புதர் மண்டியது. பட்டுப்போன மரங்களை வெட்டி, முள்ளோடு மூலையில் குவித்துவைத்தேன். அந்தக் குவியலுக்குள் ஒரு முள்ளெலி குடிவந்து, இந்த மழைக்குக் குட்டியும் போட்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் தாய் முன்னால் வர, குட்டிகள் மண்ணை மோந்துகொண்டே பின்னால் வரும். அதைப் பார்த்துவிட்டால் வீட்டுச் சண்டை எதுவும் எனக்கு ஞாபகத்தில் நிற்காது. "சர்புன்னிசா பாம்பு வளக்குறதுக்கு நெலம் வச்சிருக்கா" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தீபா டீச்சர், அந்த முள்ளெலியைப் பார்க்க மாணவர்களோடு வருவதாகச் சொன்னார். மதியம் சாப்பாடு, சாயங்காலம் முள்ளெலி என்று பேச்சு. "சாப்பாடு எம்பொறுப்பு" என்றார் மீரான். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர் வேறென்ன சொல்வார். நான் இரண்டு நாள் முன்னாலேயே தங்கச்சியைப் பார்க்க நிலக்கோட்டைக்குப் போய்விட்டு, விருந்தன்று அங்கிருந்தே நேராகக் காட்டுக்கு வந்தேன்.

கேட்டைத் திறந்ததும் வேறு யார் நிலத்துக்கோ வந்துவிட்டேனோ என்று நின்றேன். சூரைப் புதர் ஒன்றுகூட இல்லை. தரை முழுக்க ஜேசிபி பல்லின் கோடுகள். மரங்களுக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்து, நடுவில் காவிப் பட்டை போட்டிருந்தது. கலெக்டர் வருகிற ரோடு மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு புள்ள? நேத்துப் பூராம் கூடவே நின்னு செஞ்சேன். விருந்தாளி வர்ற எடம், குப்பையாக் கெடந்தா நம்மளத்தேன் பேசுவாக," என்றார் மீரான். முகமெல்லாம் சிரிப்பு. எனக்காகத்தான் செய்திருக்கிறார்.

"மூலையில கட்டை கெடந்துச்சே, எங்கங்க?"

"வெறகு வெளிய வாங்கல. எல்லாம் அதுதேன்." அடுப்பைக் காட்டினார். பிரியாணி தம்மில் இருந்தது. அண்டா மூடியின் மேலும் தணல் கொட்டியிருந்தார். குவியல் இருந்த மூலையில் கருகிய மண் மட்டும் கிடந்தது.

"அதுக்குள்ள குட்டியோட இருந்துச்சுங்க."

"கட்டைய எடுத்துட்டு முள்ள அங்கனயே கொளுத்துனோம். அம்புட்டுப் பேரு சுத்தி நின்னோம். உள்ள ஏதாச்சும் இருந்தா ஓடியிருக்கும்ல."

"அது ஓடாதுங்க. பயந்தா சுருண்டு உக்காந்துக்கும். எம்புட்டு பயமோ, அம்புட்டு இறுக்கமாச் சுருண்டுக்கும்."

மீரானின் சிரிப்பு போனது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "முள்ளுக்கு அடியில உருண்டையா ஒண்ணு கெடந்துச்சு," என்றார் மெதுவாக. "தேங்கா நாருனு நெனச்சேன்."

மரத்தடியில் சுண்ணாம்பு வாளி மிச்சத்தோடு இருந்தது. சோற்றைப் பாழாக்குவது பாவம் என்று எனக்கும் தெரியும். அண்டா மூடியைத் தள்ளிவிட்டு, வாளியை அப்படியே உள்ளே கவிழ்த்தேன். பிரியாணி வெளுத்துப்போனது. அவர் தடுக்கவில்லை.

ரோட்டில் வேன் ஹாரன் கேட்டது.

"வந்தவங்களுக்கு என்ன சொல்றது?" என்றார்.

"உருண்டையா எங்க கெடந்துச்சு, என்ன செஞ்சீங்கனு சொல்லுங்க. படிக்கத்தான வந்திருக்காங்க."

மீரான் போய்க் கேட்டைத் திறந்தார். வேனிலிருந்து முதலில் இறங்கிய மாணவி வெள்ளையடித்த மரங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"எவ்வளவு நீட்டா வச்சிருக்கீங்க சார்," என்றாள்.

மீரான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.