எந்த மர்சூக்குக்குக் கோட்டு?

முத்துலிங்கம் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டி டப்பாவுக்குள் போட்டார். இனிமேல் மர்சூக் முதலாளியை அளக்கப் போவதில்லை என்றார்.

“இதோட நாலு தடவயாச்சு, மொதலாளி. தையில நாப்பத்தாறு இஞ்சி. மாசியில நாப்பத்தி மூணு. சித்திரையில நாப்பத்தொண்ணு. இன்னைக்கு முப்பத்தெட்டு. நான் துணிய வெட்டி முடிக்கிறதுக்குள்ள நீங்க வேற ஆளா வந்து நிக்கிறீங்க. எந்த மர்சூக்குக்குக் கோட்டு தைக்கிறது? அத மொதல்ல சொல்லுங்க.”

மஸ்கெலியா கடைவீதியில் மர்சூக்கின் துணிக்கடை விறாந்தையில்தான் முத்துலிங்கத்தின் தையல் மெசின் இருந்தது. பதினான்கு வருடப் பழக்கம். அவர் இப்படிக் கோபித்து மர்சூக் பார்த்ததில்லை. மகள் ரபீக்காவின் கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம். பெண்ணின் வாப்பா கோட்டில்லாமல் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்க முடியுமா?

“இன்னும் ஒரு மாசம் தாறேன். எவ்வளவுல நிக்கப் போறீங்கன்னு முடிவெடுத்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, முத்துலிங்கம் வேறு யாருடைய காற்சட்டைக்கோ பொத்தான் தைக்கத் தொடங்கினார்.

போன வருடம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், மர்சூக்கின் நிறை இருநூற்றுப் பதினெட்டு இறாத்தல். பள்ளிவாசல் படிகள் இருபத்திரண்டையும் ஏறி முடித்தால், தொழுகைக்கு முன்னால் கால் மணி நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “சீனியைக் குறையுங்க, சோத்தைக் குறையுங்க, நடங்க” என்றார். மர்சூக் பயந்துபோனார். அன்றிலிருந்து தேநீரில் சீனி இல்லை. இராத்திரிக்குச் சோறு இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குத் துணி விற்கப் போகும்போது வாடகைக் கார் பிடிக்காமல், மூட்டையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் கொழுந்து நிறுக்கும் மடுவம் இருந்தது. அங்கே கணக்கப்பிள்ளை பொன்னையா, கொழுந்தெல்லாம் நிறுத்து முடித்த பிறகு, மர்சூக்கை ஒரு சாக்கில் உட்காரவைத்துத் தராசுக் கொக்கியில் மாட்டி நிறுப்பார். நிறையைத் தூணில் சோக்கால் எழுதிவைப்பார். தூண் பாதி வெள்ளையாகிவிட்டது. இப்போது மர்சூக் நூற்று ஐம்பத்தாறு.

குறைப்பது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லியிருந்தார்கள். எங்கே நிறுத்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டபோதோ எல்லாரும் சொன்னார்கள்.

“நூத்தி எம்பது” என்றாள் மனைவி பௌசியா. “அதுல ஒரு றாத்தலும் கொறைக்க ஏலா. ஹட்டன்லேந்து சம்பந்தி ஆளனுப்பிக் கேக்குறார், பொண்ணுட வாப்பாக்கு என்ன வருத்தமெண்டு.”

எதிர்க்கடை நஸார், “இருநூறுதான் நானா ஒரு மொதலாளிக்கு அழகு” என்றார். டொக்டர் சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினார். ஐந்தடி ஐந்து அங்குல உயரத்துக்கு நேரே நூற்று முப்பத்தாறு என்று அச்சடித்திருந்தது. அதைக் காட்டியபடி டொக்டர் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். மர்சூக் அதைக் காதில் வாங்கவில்லை. அச்சில் வந்ததை மறுத்துப் பேச அவர் யார்?

“நூத்தி முப்பத்தாறு” என்று வீட்டில் அறிவித்தார்.

“அது ரபீக்காட நெறை!” என்றாள் பௌசியா. “கலியாணத்துக்கு நீங்க வாறீங்களா, இல்லாட்டி ஒங்கட உடுப்பு மட்டும் வாருதா?”

மர்சூக் விடவில்லை. காலையில் பாதி ரொட்டி, பகலில் கீரை, இராத்திரிக்கு வெந்நீர். மூன்றாவது வாரத்தில் நூற்று நாற்பத்து நான்குக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த மூன்று வாரமும் அவருக்குப் பக்கத்தில் யாராலும் இருக்க முடியவில்லை. ஈ பறந்தாலும் கோபம் வந்தது. முத்துலிங்கத்தின் மெசின் சத்தம் அதிகமென்று சண்டை போட்டார். பள்ளிவாசலில் சுஜூதுக்கு நெற்றியைத் தரையில் வைத்தவர் அப்படியே தூங்கிப்போனார். மற்றவர்கள் தொழுது முடித்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் ஒருவருக்கு ஐந்து கெஜம் சீத்தைத் துணி அளக்கத் தொடங்கியவர், எண்ணிக்கையை மறந்து பதினொரு கெஜம் வரை போனார். யாரோ கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நல்ல மழை. மூட்டையோடு மேட்டில் பாதி தூரம் ஏறுவதற்குள் கால்கள் இரண்டும் துணிபோலத் தொய்ந்தன. மடுவத்தை அடைந்தபோது உடம்பெல்லாம் நனைந்திருந்தது. கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் இன்னும் கலையவில்லை. பொன்னையா அவரைச் சாக்கில் உட்காரவைத்து மாட்டினார். சாக்கு மெல்ல ஆடியது. குளிருக்கு அது இதமாக இருந்தது. மர்சூக் கண்ணை மூடினார், குறட்டை விட்டார்.

“நூத்தி நாப்பத்தாறு” என்று பொன்னையா முள்ளைப் பார்த்துச் சொன்னார். “ஈரத்துக்கு ரெண்டு கழிச்சா நூத்தி நாப்பத்திநாலு.”

அவ்வளவுதான். கூடையை இறக்கிவைத்துவிட்டு, கொழுந்து பறிக்கும் வீரம்மா முன்னால் வந்தாள்.

“எதுக்குக் கழிக்கிறீங்க? எங்க கொழுந்துலதான் தெனம் ஈரம் ஈரம்னு கழிக்கிறீங்க. மனுசனையுமா? அவரு என்ன கொழுந்தா?”

“சட்ட நனைஞ்சிருக்குல்ல, வீரம்மா.”

“நனைஞ்சா என்ன? அவரு கொண்டாந்த நெறை அவருக்குத்தான். எழுதுங்க, நூத்தி நாப்பத்தாறு!”

பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பல வருடத்து ஆத்திரம் மர்சூக்கின் இரண்டு இறாத்தலுக்காக வெளியே வந்தது. இரைச்சலில் மர்சூக் விழித்துப் பார்த்தார். தான் அந்தரத்தில் தொங்குவதையும், கீழே தனக்காகப் போராட்டம் நடப்பதையும் கண்டு, “யா அல்லாஹ், நான் மவுத்தாகிட்டேனா? உசிர் போயிட்டுதா?” என்று கேட்டார்.

அவரை இறக்கி, வெல்லத்தோடு, பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார்கள். மர்சூக் இரண்டு குவளை குடித்தார். பிறகுதான் வீரம்மா கேட்டாள்:

“போன மாசம் எங்க லயத்துக்கு எப்பிடி வந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா, மொதலாளி? நிக்காம ஏறி வந்தீங்க. பேசிக்கிட்டே வந்தீங்க. சேலைய விரிச்சுப் போட்டுச் சிரிச்சுச் சிரிச்சு வித்தீங்க. அப்ப எத்தன றாத்தல்?”

மர்சூக் தூணைப் பார்த்தார். போன மாதம், நூற்று ஐம்பத்தாறு. அதற்கு மேலே இருநூற்றுச் சொச்சங்கள் வரிசையாக இருந்தன, அப்போது மூச்சில்லை. கீழே நூற்று நாற்பத்து நான்கு; இப்போது கால்களே இல்லை. நடுவில்தான் அவர் மனிதராக இருந்திருக்கிறார்.

மறுநாள் டொக்டரிடம் போய் வெட்கத்தோடு கதையைச் சொன்னார். டொக்டர் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது.

“அந்த அட்டை எல்லாருக்கும் பொதுவா அடிச்சது, மர்சூக். எலும்பு பெரிசா சின்னதா, மூட்டை தூக்குற ஆளா உக்காந்திருக்கிற ஆளா, அதுக்குத் தெரியாது. அண்டைக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மேடு ஏறினாலும் மூச்சு வாங்காம இருக்குதா? தூக்கம் வருதா? மனுசரோட சண்டை இல்லையா? அப்ப அதுதான் உங்க நிறை. ஒரே எண்ணைப் பிடிச்சுத் தொங்காதீங்க. நாலஞ்சு றாத்தல் இப்படி, நாலஞ்சு அப்படி இருக்கலாம்.”

இனி பௌசியாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். துணிக்கடைக்காரன் மனைவி அல்லவா? பேரம் பேசாமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

“நூத்தி அம்பது” என்று தொடங்கினார் மர்சூக்.

“நூத்தி எழுவத்தஞ்சி.”

“நூத்தி அம்பத்தஞ்சி. டொக்டரும் செல்லீட்டார்.”

“டொக்டரா ஒங்களுக்கு ஆக்கிப் போடுறது? நூத்தி அறுவத்தஞ்சி.”

“கடைசியாச் செல்லுங்க.”

பௌசியா யோசித்தாள். “நூத்தி அறுவது. அதுக்கு மேல போனா நானே ஒங்கட சோத்துக் கோப்பையப் பறிச்சு வைக்கிறேன். ஆனா நூத்தி அம்பதுக்குக் கீழ போனா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வட்டிலப்பம். ஒரு துண்டும் மிச்சம் வைக்க ஏலா.”

“சரி” என்றார் மர்சூக். கீழே போனால் அந்த இனிப்பு கிடைக்கும், அதிலும் ஒரு லாபம் இருப்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முத்துலிங்கம் நாடாவைத் திரும்ப எடுத்தார். “அம்பதுக்கும் அறுவதுக்கும் நடுவுலயா? அப்ப ரெண்டு பக்கமும் ஒரு இஞ்சி உள்ள மடிச்சு வுட்டுத் தைக்கிறேன். நீங்க எந்தப் பக்கம் சாஞ்சாலும் கோட்டு தாங்கும்” என்றார்.

கலியாணம் ஹட்டனில் நடந்தது. மர்சூக் அன்று நூற்று ஐம்பத்து நான்கு. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார், மூச்சு வாங்கவில்லை. விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனுக்கு அவரையும் அழைத்தார்கள். முன்பெல்லாம் மர்சூக் உட்கார்ந்தால் அந்தச் சஹனில் ஐந்து பேருக்குத்தான் இடம் இருக்கும். அவர் பழக்கதோஷத்தில் இரண்டு ஆள் இடத்தைப் பிடித்து உட்கார்ந்தார்.

“தள்ளிக்கோங்க நானா” என்று சொல்லிக்கொண்டு ஆறாவது ஆள் வந்து பக்கத்தில் அமர்ந்தார். யாருடைய முழங்காலும் யார்மீதும் இடிக்கவில்லை. மர்சூக் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கைவைத்தார். அன்று அவர் கணக்குப் பார்க்காமல் சாப்பிட்டார், வயிறு போதும் என்ற இடத்தில் நிறுத்தினார்.