மூத்தவர் குடித்த ஒயின்

"அந்தப் பேச்சை அப்படியே படிக்கப் போறியா, இல்ல..."

"படிக்கத்தான் போறேன். முப்பத்தாறு வருஷமா படிக்கிற பேச்சு, இன்னிக்கு மட்டும் என்ன..."

"இன்னிக்கு வர்றது யாருன்னு தெரிஞ்சுமா?"

"தெரியும். மேயர் நாலு தடவை ஃபோன் பண்ணிட்டார். நீ போய் அடுப்பைப் பாரு வால்புர்கா, வெங்காய கேக் கருகுற வாசனை வருது."

"கருகட்டும். உன் மூக்கு என் அடுப்பையே சுத்துது, உன் பீப்பாயை மட்டும் முகர்ந்து பாக்காது."

எக்கார்ட் தோல் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். வைடன்ப்ரூன் நகர மன்றத்துக்கு அடியில் இருக்கும் ஒயின் நிலவறைக்கு அவர்தான் பொறுப்பு. அவருக்கு முன்னால் அப்பா. தங்கை வால்புர்காவுக்கு அதே நிலவறையில் உணவகத்துச் சமையல். இருவரும் அறுபதைத் தாண்டியும், ஒரு சண்டையாவது போடாமல் கதவு திறந்த நாள் கிடையாது. உப்புக்குச் சண்டை, மெழுகுவர்த்திக்குச் சண்டை. இன்றைய சண்டை அந்த வகை இல்லை.

கடைசி வளைவுக்குக் கீழே ஆளுயரப் பீப்பாய் ஒன்று கிடந்தது. ஊரார் அதை மூத்தவர் என்பார்கள். உள்ளே 1684ஆம் வருடத்து ஒயின். வருடத்துக்குக் கையகலம் மரமே குடித்துவிடும். குறைந்த அளவுக்கு ஊரிலேயே சிறந்த ஒயினை ஊற்றி நிரப்புவார்கள். ஊற்றிய பிறகு அந்த ஒயினுக்குச் சொந்தப் பெயர் இல்லை, சொந்த வயது இல்லை. மூத்தவருக்குள் போய்விட்டால் அதுவும் 1684தான். நிலவறைக்காரர்களின் சட்டம் அது. ஊருக்கு வரும் பெரிய விருந்தாளிக்கு மட்டும் கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்து, நிலவறையின் சரித்திரத்தைப் படிப்பார்கள்.

"முப்பத்தெட்டாம் வருஷம் மூத்தவருக்குள்ள எதை ஊத்தினோம்னு உன் சரித்திரத்துல இருக்கா?"

"நகரத்தார் அன்பளிப்புன்னு இருக்கு."

"ஆமா, அன்பளிப்பு. எதிர் வீட்டு லிண்டாவர் குடும்பத்தை, யூதங்கன்னு சொல்லி, கையில ஒத்தைப் பெட்டியோட துரத்தினோம். அப்புறம் அவங்க நிலவறையை உடைச்சு எடுத்தோம். குடுத்தவங்களுக்கே தெரியாம குடுத்த அன்பளிப்பு."

"எடுத்தது நகர மன்றம். ஊத்தினது அப்பா. எனக்கு அப்ப பதினாலு வயசு."

"நான் அப்பாவைக் கேக்கல. அம்பத்தொண்ணாம் வருஷத்தைக் கேக்கறேன். அப்ப உனக்கு இருபத்தேழு. கடுதாசியை டைப் அடிச்சவ நான்தான், மறந்துட்டியா?"

மறக்கவில்லை. யோசெஃப் லிண்டாவர் மோன்டிவிடியோவிலிருந்து எழுதியிருந்தார். மகள் பிறந்த 1921ஆம் வருடத்து ஒயினை, அவள் கல்யாணத்தன்று திறக்கவென்று எடுத்து வைத்திருந்தாராம். இப்போது கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதில் ஒரு பாட்டிலாவது மிச்சம் இருக்குமா? எக்கார்ட் அப்போதுதான் பொறுப்புக்கு வந்திருந்தார். 'தங்கள் ஒயின் இங்கே ஒரு துளியும் இல்லை' என்று சொல்லச் சொல்ல, வால்புர்கா தட்டினாள். மூத்தவருக்குள் போனது லிண்டாவருடையது அல்ல, அது 1684, சட்டப்படி பொய்யில்லை. அன்று அது அவருக்கு நிஜமாகவே சரி என்று பட்டது. பிறகு ஒவ்வொரு முறை அடைப்பானைத் திறக்கும்போதும் காது சூடாகும். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிக்கொள்வார்.

மேயர் கூட்டிவந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எல்வீரா என்று பெயர், லிண்டாவரின் அந்த மகளுக்குப் பிறந்தவள். படியில் இறங்கும்போதே மூக்கைச் சுளித்துச் சிரித்தாள்.

"உங்க அடுப்புல எதுவோ அடிபிடிக்குது போலிருக்கே."

இந்த ஊர்ப் பேச்சு, ஆனால் ஐம்பது வருடம் பழையது. அப்படிப் பேசியவர்கள் எல்லாம் இப்போது கல்லறையில்.

"நீங்கதானே எக்கார்ட் ஐயா? உங்களைப் பார்க்கத்தான் முக்கியமா வந்தேன்." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மடித்து மடித்து நாலு துண்டாகும் நிலையில் இருந்தது. "தாத்தா இந்த ஊர்ல பதினோரு பேருக்கு எழுதினாராம். பதில் போட்டது நீங்க ஒருத்தர்தான். இல்லைங்கறதைக்கூட உக்காந்து மரியாதையா எழுதின மனுஷன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். சாகுற வரைக்கும் இது அவர் பர்ஸ்லதான் இருந்துச்சு."

தன் கையெழுத்தை எக்கார்ட் பார்த்தார். இளம் கையெழுத்து, கீழே ஒரு சுழிப்பு வேறு. தாளை வாங்கக் கை நீளவில்லை. சமையலறை வாசலில் வால்புர்கா துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

"ஆரம்பிங்க எக்கார்ட்," என்றார் மேயர்.

கண்ணாடிக் குழாயால் ஒயினை உறிஞ்சி எடுத்துக் குவளையில் விட்டு அவள் கையில் கொடுத்தார். பேச்சைப் பிரித்தார். பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வந்தபோது முன்வரிசையில் புளித்த காடிப் பீப்பாய்களை அடுக்கி மூத்தவரைக் காப்பாற்றிய கதை வந்தது. சிப்பாய்கள் காடியைக் குடித்துத் துப்பிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், எல்வீராவும்தான். அடுத்த பக்கத்தில் 'நகரத்தார் அன்பளிப்பு' என்ற வரி. நாக்கு அங்கே நின்றுவிட்டது.

அவர் முடித்துவிட்டார் என்று நினைத்து அவள் குவளையை உயர்த்தினாள். "தாத்தாவுக்காக."

"குடிக்காதீங்கம்மா. கொஞ்சம் இருங்க."

குவளை உதட்டருகே நின்றது.

"அந்தக் கடுதாசில நான் எழுதினது பொய். உங்க தாத்தாவோட இருபத்தொண்ணு இதுக்குள்ளதான் இருக்கு. எடுத்து ஊத்தினது எங்க அப்பா. இல்லைன்னு எழுதினது நான். தெரிஞ்சேதான் எழுதினேன்."

"எக்கார்ட், இதுக்கெல்லாம் இப்பவா நேரம்..." என்று மேயர் அவர் தோளைத் தொட்டார்.

"இத்தனை நாள் நேரமில்லாமத்தான் இருந்துச்சு மேயரே."

எல்வீரா குவளையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பழுப்புத் தங்க நிறம். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். எக்கார்ட் தன் செருப்பு முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா கல்யாணத்துக்கு அவர் கேட்டது ஒரே ஒரு பாட்டில்தானே?"