மரக்குழி

வான்கூவரில் இரண்டு வாரமாக விடாத மழை. நோரீன் ஹால்டேன் ஓட்டும் நகரப் பேருந்தில் கண்ணாடித் துடைப்பானுக்கு ஓய்வே இல்லை. கீழே இப்படிப் பெய்தால் மேலே பனி கொட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை விடுப்பு கிடைத்தது. மகள் ப்ரின்னையும், ப்ரின் கட்டிக்கொள்ளப் போகிற லைலையும் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி மலைக்கு வண்டியை விட்டாள். பாதி மலையில் மழை பனியாக மாறியது. வண்டி நிறுத்துமிடத்தில் முழங்கால் வரை கிடந்தது.

"இதுக்குப் பேரு பனியா? ஈரத்துணி மாதிரி இருக்கு. எங்க சஸ்காச்சுவன்ல பார்த்தா சிரிப்பாங்க" என்றான் லைல், சறுக்குப் பலகையை இறக்கிக்கொண்டே.

"உங்க ஊர்ல முதல்ல மேடுன்னு ஒண்ணு இருக்கா? கோதுமைக் கிடங்கு மேல ஏறித்தானே சறுக்குவீங்க?" என்றாள் நோரீன்.

ப்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். சாயங்காலம் வரை நன்றாகவே போனது. நோரீன் சிறு வயதிலிருந்து அந்தச் சரிவுகளில் காலுக்கொன்றாகச் சறுக்குக்கட்டை மாட்டிச் சறுக்கியவள். ஐம்பத்தைந்து வயதிலும் இளசுகளை முந்தினாள். பிறகு ப்ரின்னின் காலணிக் கொக்கி உடைந்தது. "நீங்க ரெண்டு பேரும் கடைசியா ஒரு தடவை போயிட்டு வாங்க, நான் வறுவல் வாங்கித் தின்னுட்டிருக்கேன்" என்று அவள் உணவகத்துக்குள் போய்விட்டாள்.

கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலியில் நோரீனும் லைலும் மட்டும். கீழே மேகம், நகரமும் கடலும் அதற்கடியில் எங்கோ மறைந்து கிடந்தன. லைல் கையுறையைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"நோரீன், ப்ரின் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தா. பயந்துட்டிருக்கா. அதான் நானே சொல்லிடறேன். வசந்தத்துல நாங்க எங்க ஊர்ப் பக்கம், சாஸ்கடூனுக்கே குடி போறோம். எனக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு. அவளுக்கும் கிடைக்கும்."

நோரீன் அவன் பக்கம் திரும்பவில்லை.

"முடிவு பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"அப்ப எங்கிட்ட என்ன கேள்வி? போங்க."

நாற்காலி உச்சிக்கு வந்தது. அவள் இறங்கினாள். "மரங்களுக்குள்ள போறேன். முடிஞ்சா வா" என்று சொல்லிவிட்டு, அவன் பலகையில் காலைப் பூட்டுவதற்குள் சறுக்கத் தொடங்கிவிட்டாள்.

எல்லைக் கயிற்றுக்கு உட்பட்ட இடம்தான், தடைசெய்யப்பட்ட பகுதி அல்ல. ஆனால் நெருக்கமான ஹெம்லாக் மரங்கள். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் வருகிறவரைப் பார்க்க வேண்டும். நோரீன் நிற்கவில்லை. கோபத்தில் கால்கள் தாமாகவே ஓடின. தலைக்கு மேலே கிளைகளிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று விழுந்தது. மரங்கள் முடிந்து அகலமான பாதை தொடங்கும் இடத்தில்தான் மூச்சு வாங்க நின்றாள்.

அவன் வரவில்லை.

முதலில் எரிச்சல்தான் வந்தது. வேறு பக்கமாகப் போயிருப்பான். உணவகத்தில் ப்ரின் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க என்று சொல்லிக்கொண்டிருப்பான். கைபேசியில் அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. ப்ரின்னை அழைத்தாள்.

"லைல் அங்க இருக்கானா?"

"இல்லையே. உங்ககூடத்தானே இருந்தான்? அம்மா, என்ன ஆச்சு?"

"மலை ரோந்துக்காரங்ககிட்ட உடனே சொல்லு. நாற்காலிக்கு இடதுபக்கம், பெரிய மரங்களுக்குள்ள. ஓடு!"

"லைல்!" என்று மேல் நோக்கிக் கத்தினாள். பனி அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. பதிலாக ஒரு முனகல்கூட இல்லை.

கட்டைகளைக் கழற்றி நட்டுவிட்டுத் தன் தடத்திலேயே ஏறினாள். இடுப்பு வரை புதைந்தது. கிளைகளைப் பிடித்துத் தொங்கி, முழங்காலால் மிதித்து, தவழ்ந்து ஏறினாள். சட்டைக் கழுத்துப்பட்டியில் தொங்கிய விசிலை வாயில் கவ்விக்கொண்டு, மூச்சு விடும்போதெல்லாம் ஊதினாள்.

பலகையின் ஒற்றைத் தடம் கொஞ்ச தூரம் அவள் தடத்தை ஒட்டியே வந்திருந்தது. பிறகு குறுக்கே வெட்டி, ஒரு பெரிய ஹெம்லாக்கின் பக்கமாகத் திரும்பியிருந்தது. அதற்கப்புறம் தடம் இல்லை. மரத்தடியில் தாழ்ந்த கிளைகளுக்குள் பலகையின் பச்சை நுனி மட்டும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மரக்குழி. கிளைகள் குடைபிடிப்பதால் அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் பொலபொலவென்று இருக்கும். தலைகுப்புற விழுந்தால், அசைய அசைய மேலே இருக்கிற பனி சரிந்து மூடிக்கொள்ளும். பிறகு மூச்சுதான் கணக்கு.

பலகையைப் பிடித்து இழுக்கத்தான் கை பரபரத்தது. இழுக்கவில்லை. இழுத்தால் இன்னும் சரியும். முகம்தான் முதலில் வெளியே வர வேண்டும். அவன் தலை எங்கே இருக்கும் என்று பலகையை வைத்துக் கணக்குப் போட்டு, பக்கவாட்டில் நாய் மாதிரி தோண்டினாள். அள்ளியதில் பாதி திரும்ப விழுந்தது. ஒரு கையுறை எங்கோ போய்விட்டது. மேல்கிளை ஒன்று தன் சுமையை அப்படியே அவள் முதுகில் கொட்டியது. அவள் அழுதாள், திட்டினாள், தோண்டினாள்.

"செத்துத் தொலைச்சிராதடா. ப்ரின்கிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

வெறுங்கையில் வழுவழுப்பாக ஏதோ பட்டது. தலைக்கவசம். தாடைப் பட்டையைத் தடவி முகத்தைக் கண்டுபிடித்தாள். உதடு நீலம். வாய் நிறையப் பனி. விரலை விட்டு வழித்தெடுத்தாள். மூச்சு இல்லை. அவளும் குழிக்குள் பாதி கவிழ்ந்து, அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊதினாள். ஊதிப் பார்த்தாள், காத்திருந்தாள், மறுபடி ஊதினாள். அவன் கன்னம் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

ஒரு செருமல். பிறகு இருமல். பிறகு பயங்கரமான ஓர் இழுப்பு.

"காலு... என் காலை அவிழ்த்து விடுங்க" என்றான் லைல், கண் திறக்காமலே.

"அசையாத. அசைஞ்சா மேல இருக்கிறது மொத்தமும் நம்ம ரெண்டு பேர் மேலயும் விழும்."

"மூச்சு முட்டுது."

"முட்டல. முட்டினா பேச வராது. என்னைப் பாரு. பேசிட்டே இரு. உங்க அப்பா பேரு என்ன?"

"உங்களுக்குத் தெரியுமே."

"மறந்துட்டேன். சொல்லு."

"வால்டர்." பற்கள் தந்தியடித்தன. "பயமா இருக்கு நோரீன்."

"எனக்கும்தான்."

ஒரு கையால் அவன் முகத்துக்கு மேலே சரிகிற பனியைத் தள்ளிக்கொண்டே, மறு கையால் விசிலைப் பிடித்து ஊதினாள். இருட்டிக்கொண்டு வந்தது. பாதைகளின் விளக்குகள் எரியத் தொடங்கியபோது, கீழிருந்து இன்னொரு விசில் பதில் சொன்னது. சிவப்புச் சட்டை ரோந்துக்காரர்கள் இரண்டு பேர் மண்வாரிகளோடு ஏறி வந்தார்கள். ஒருவர் பலகையின் பூட்டை விடுவிக்க, மற்றவர் தோளைப் பிடிக்க, லைல் பிறந்த குழந்தை மாதிரி நனைந்து வெளியே வந்தான்.

முதலுதவி அறையில் அவனுக்குப் போர்வை மேல் போர்வை போர்த்தினார்கள். ப்ரின் அவன் கையை விடவே இல்லை. நோரீனின் விரல்களை வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்தார்கள். உணர்வு மீளும்போது ஊசியாகக் குத்தியது.

"நான் திரும்பியே பார்க்கல, ப்ரின்" என்றாள் நோரீன். "கோபத்துல விட்டுட்டு ஓடிட்டேன். உள்ள போனா பார்த்துட்டே போகணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போனேன்."

ப்ரின் அம்மாவை அந்நியரைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"உங்களை எட்டிப் பிடிக்கத்தான் குறுக்க வெட்டினேன்" என்றான் லைல், கரகரத்த குரலில். "முட்டாள்தனம் என்னுதும்தான்."

"நீங்க போறது எனக்கு இன்னும் பிடிக்கல."

"தெரியும்."

"போகாதன்னும் சொல்ல மாட்டேன்."

இரவு உணவு நேரத்துக்குத்தான் மலையிறங்கினார்கள். ப்ரின் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் பின்பார்வைக் கண்ணாடியில் லைலைப் பார்த்துக்கொண்டாள். பாதி வழியில் பனி மழையாக மாறியது. பின்னிருக்கையில் நோரீனுக்குப் பக்கத்தில் லைல் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, முகத்தை வெளியே நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டே வந்தான். சாரல் நோரீனின் கட்டுப்போட்ட கைகள் மேலெல்லாம் தெறித்தது. மூடச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.