சிவப்புப் புள்ளிகள்

வலை கிழிந்து ஒன்பது மணி நேரமாகியும் மாமனாரின் வாய் ஓயவில்லை. கடலடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய படகின் மேலேயே வலையை விட்டுவிட்டான் கொழுந்தன். கரைக்கு வந்தது பாதி வலைதான். அது இப்போது கூடம் முழுக்கக் கிடக்க, மூத்த மருமகள் ஊசியோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“படகு டேப்லெட் மேப்புல அந்த எடத்துல குறியே இல்லப்பா,” என்றான் கொழுந்தன்.

“போன வாரம் இருந்த குறி நீந்திப் போயிடுச்சா? தூங்கிட்டேன்னு சொல்லேன்டா.”

“தூங்கல.”

“நாளையிலேருந்து கரையிலயே இரு. சுக்கானை வேற ஆளு பிடிக்கட்டும்.”

கொழுந்தனின் முகம் சுண்டிப்போனது. சுக்கானுக்காக நெடுநாள் காத்திருந்தவன் அவன். டேப்லெட்டை அவளிடம் நீட்டினான்.

“அண்ணி, நீங்க படிச்சவங்க. நீங்க பாத்துச் சொன்னா அப்பா நம்புவாரு.”

அவள் ஊசியை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். மீன் கிடைத்த இடங்களுக்கெல்லாம் பெயர் எழுதியிருந்தது. வலை மாட்டும் இடங்களுக்கு வெறும் சிவப்புப் புள்ளி வைப்பதுதான் வழக்கமாம். அது அவளுக்கு இன்று காலைதான் தெரிந்தது. நேற்று மாலை அவள் இந்த டேப்லெட்டைச் சரிசெய்து கொடுத்தபோது, “இவ கை பட்டாலே எல்லாம் பளிச்சுனு ஆயிடும்” என்று மாமனார் பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருந்தார்.

“என்னம்மா, குறி இருக்கா?” என்றார் மாமனார்.

அவள் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“தம்பி தூங்கல, மாமா. பேரில்லாத புள்ளியெல்லாம் வேண்டாததுன்னு நெனச்சு நேத்து நான்தான் அழிச்சேன்.”