ஏழாவது ஆளுக்குக் கிண்ணம்

எங்கள் கோயிலில் திருவிருந்துக் கிண்ணம் ஒன்றே ஒன்றுதான். போதகர் அப்பம் கொடுத்தபடி முன்னால் போவார், நான் திராட்சரசக் கிண்ணத்தோடு பின்னால் போவேன். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவரிடம் நீட்ட வேண்டும். பிழைப்புக்கு நான் தையல்காரன், அதனால் துடைக்கிற வெள்ளைத் துணியும் என் கைத்தையல்தான். அந்தத் துணியை மடிக்கும்போதெல்லாம் அம்மாவின் ஞாபகம்தான் வருகிறது.

அம்மா மற்றவர்களைப் போல உதட்டை நனைத்துவிட்டு விடுகிற ஆள் இல்லை. கிண்ணத்தின் அடியைப் பிடித்துச் சாய்த்து ஒரு மடக்கு நன்றாகவே குடிப்பாள். "அம்மா, பின்னால ஆள் இருக்காங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

என் தம்பியின் சிநேகிதன் ஒருவன், சுருட்டை என்று கூப்பிடுவோம். எங்கள் அடுப்படியிலேயே வளர்ந்தவன். தம்பிக்கு ஒரு தட்டு வைத்தால் அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள் அம்மா. ஒரு ஞாயிறு சாயங்காலம் இருவரும் என் வண்டியில் கிளம்பினார்கள். ஓட்டியவன் சுருட்டை, குடித்திருந்தான். வழியில் வண்டி கவிழ்ந்து, பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி போய்விட்டான். அந்தப் பாவிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

நாலு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். தலைமுடியெல்லாம் கொட்டிப்போய் சுருட்டை என்ற பெயர்தான் மிச்சம். ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் உட்காருவான். திருவிருந்து நேரத்தில் தலையைக் குனிந்துகொள்வானே தவிர எழுந்து வர மாட்டான். அந்த மட்டும் சொரணை இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு எழுந்து வந்துவிட்டான். அது கடைசி வரிசை. பீடத்துக்கு முன்னால் உள்ள மரக்கிராதியில் ஐந்து பேர் முழங்காலிட்டிருந்தார்கள். கூச்சத்தில் ஓர் ஆள் இடம் விட்டு ஓரமாக அவனும் முழங்காலிட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா, மூட்டுவலியோடு தாங்கித் தாங்கி நடந்து வந்து, அவன் விட்ட அந்த இடத்தில் போய் முழங்காலிட்டாள். இத்தனை பெரிய கோயிலில் வேறு இடமா இல்லை?

கிண்ணம் காலியாகியிருந்தது. குடுவையிலிருந்து ஊற்ற வேண்டியது நான்தான். வரிசையில் ஏழு பேர். ஆறு பேருக்கு அளந்து ஊற்றினேன். பல வருடப் பழக்கம், யார் எவ்வளவு குடிப்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. அம்மாவின் மடக்கோடு கிண்ணம் காலியாகும். 'தீர்ந்துவிட்டது' என்று போதகரிடம் தலையாட்டினால் போதும், வரிசையை ஆசீர்வதித்து அனுப்பிவிடுவார். எவனுக்கும் சந்தேகம் வராது. கோயிலில், கையில் கிண்ணத்தோடு நின்று இந்தத் திட்டத்தைப் போட்டேன். வெட்கக்கேடுதான், சொல்லத்தானே வேண்டும்.

நான் நினைத்தபடியே ஐந்து பேர் குடித்தார்கள். அம்மாவிடம் நீட்டினேன். அவள் அடியைப் பிடித்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். குடிக்கவில்லை. என் கையோடு சேர்த்துக் கிண்ணத்தை அப்படியே அவன் பக்கம் தள்ளினாள்.

"அவனுக்குக் குடு."

"அம்மா, உங்களுக்கு..."

"இது என்ன உன் வீட்டுப் பந்தியா, ஓரவஞ்சனை பண்றதுக்கு? குடுடா."

அவன் நடுங்கிய நடுக்கத்தில் பல் கிண்ணத்தில் இடித்தது. அவன் அழுததில் என் துணி நனைந்தது. நான் மறுபடி ஊற்றிக்கொண்டு வரும்வரை அம்மா அந்த முழங்காலோடு அசையவே இல்லை. வந்ததும் வழக்கம்போல ஒரு மடக்குக் குடித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கத்தினேன். "உங்க பிள்ளையக் கொன்னவன்மா அவன்! உங்க பங்கத் தூக்கி அவனுக்குக் குடுக்கறீங்க!"

அம்மா நின்றாள். மூச்சு வாங்கியது.

"அன்னைக்கு அவன் தள்ளாடிக்கிட்டு நின்னான். நீ பாத்துக்கிட்டேதான் வண்டிச் சாவிய அவன் கையில குடுத்த. நான் அடுப்படி ஜன்னல்ல நின்னேன்."

துவைக்க எடுத்து வந்த துணியை மடித்தேன், மறுபடி மடித்தேன்.

"ஒரு நாளாவது ஆண்டவர் உனக்கு அளந்து ஊத்தினாராடா?"

அதற்குமேல் அவள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. வீட்டுக்குள் போய் எனக்குத் தட்டு வைத்தாள். ஜன்னலில் நின்று பார்த்த நாளிலிருந்து, ஒரு வேளை தவறாமல் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.