தண்ணியில்லாக் காட்டு மாப்பிள்ளை

ஜாம்பியா வளர்ந்த நாடா இல்லையா என்பது முடிவானால்தான் எனக்குக் கல்யாணம் என்று ஒரு நிலைமை வந்தது. சிரிக்காதீர்கள். நானும் அப்போது சிரிக்கவில்லை. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது கடைசியில்தான். வந்தது நிற்கவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் அப்பா சின்னுசாமி. ராசிபுரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். போன வருடம் பங்காளி மாதேஸ்வரன் தன் மகள் தீபிகாவைக் கனடா மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார். பந்தியில் அப்பாவின் இலைக்குத் தானே வந்து மைசூர்பாகு வைத்தவர், "உங்க தமிழினிக்கு எந்த நாடுங்க?" என்று கேட்டுவிட்டார். அப்பா அந்த மைசூர்பாகைத் தொடவில்லை. கை கழுவிய ஈரம் காயும் முன்னே குலதெய்வம் காளியம்மன் கோயிலுக்குப் போய், எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார். "ஆத்தா, எம்பொண்ண வளர்ந்த நாட்டு மாப்பிள்ளைக்குத்தான் குடுப்பேன்!"

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவள் நான், சத்தியம் செய்தவர் அவர். இதில் அவர் சத்தியத்தை மீறுகிற ஆளும் இல்லை. சீட்டாட மாட்டேன் என்று ஒருமுறை சத்தியம் செய்தவர், இன்றுவரை சீட்டுக்கட்டு இருக்கும் அறைக்குள்கூடப் போவதில்லை.

அப்புறம் சந்தோஷ்குமார் வந்தான். திருச்செங்கோட்டுக்காரன். ஜாம்பியாவில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறான். பெண் பார்க்க வந்த அன்று காபியைத் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னான். எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. கொடுமை என்னவென்றால், அப்பாவுக்கும் பிடித்துப்போயிற்று. "நல்ல பையன். நாடுதான் சரியில்ல" என்று ஒரு வாரம் புலம்பினார்.

பொறுக்க முடியாமல் அம்மா தன் தம்பியை வரவழைத்தாள். குரு மாமா என்று நாங்கள் கூப்பிடும் குமரகுரு, அஸ்தம்பட்டியில் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறவர். உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை, அல்லது இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சந்தோஷும் வந்திருந்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"மாமா, இப்ப அப்படியெல்லாம் நாட்டப் பிரிக்கறதில்லீங்க" என்று ஆரம்பித்தார் குரு மாமா. "மொதல்ல மூன்றாம் உலகம்னாங்க. அப்புறம் பின்தங்கிய நாடுன்னாங்க. அது மரியாதையா இல்லைன்னு வளரும் நாடுன்னாங்க. இப்ப உலகத் தெற்குங்கறாங்க."

"தெக்கன்னா? மதுரப் பக்கமா?"

"அந்தத் தெக்கு இல்லீங்க. இப்ப ஆஸ்திரேலியா தெக்க இருக்குதில்லீங்க? ஆனா அது வடக்கு."

அப்பா டீயைக் கீழே வைத்தார். "தெக்க இருக்கறது எப்படிய்யா வடக்காவும்?"

"காசிருந்தா வடக்குங்க."

"அப்ப டெல்லி?"

"டெல்லி தெற்குங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல!" என்றவர், உடனே சுதாரித்துக்கொண்டார். "ஜாம்பியா?"

"அதுவும் தெற்கு. நாமளும் அவங்களும் ஒரே வரிசைங்க."

"ஒரே வரிசைக்குப் பொண்ணு குடுக்கறதுக்கா நான் கற்பூரம் அணைச்சேன்?"

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். "ஏனுங்க, வளந்து முடிஞ்சதுல அப்படி என்னங்க இருக்குது? நம்ம கோழிச் செட்டுலயே பாருங்க. வளர்ற கோழி நாளைக்கு முட்டைக்கு வரும். வளந்து ஓஞ்சதக் கறிக்கு லாரியில ஏத்தி உட்ருவோம். எனக்கென்னமோ கனடா லாரிக்குத்தான் நிக்குதுன்னு தோணுது."

குரு மாமா வாயிலிருந்த டீயைச் சட்டையில் துப்பிக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. கோழிக் கணக்கு அவருக்குப் புரிகிற கணக்கு. நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "ஜாம்பியா எத்தன வாரக் குஞ்சுன்னு வெச்சுக்கலாம்?" என்று நிஜமாகவே கேட்டார். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சந்தோஷ் வாயைத் திறந்தான். "மாமா, அங்க நான் வாடகைக்கு இருக்கற ஊட்டு அம்மாகிட்ட, எங்கூருல ஆயிரத்தி எரநூறு அடி போட்டாலும் தண்ணியில்லாம வெறும் பொகைதான் வருதுன்னு சொன்னனுங்க. அழுதுட்டாங்க. மக்காச்சோள மாவு ஒரு மூட்டை குடுத்து, பாவம், உங்கூருக்கு அனுப்பி உடுன்னாங்க."

எங்களுக்கு மாவு மூட்டை! அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வேறு எங்கோ போய்விட்டிருந்தார். எங்கள் காட்டில் அவர் போட்ட போர் எல்லாமே புகைதான். பண்ணைக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வருகிறது.

"அங்க எத்தன அடியிலப்பா தண்ணி?"

"நான் போட்ட பக்கமெல்லாம் நூத்தம்பதுலயே வந்துருச்சுங்க மாமா."

"நூத்தம்பதுலயா!" அப்பா சந்தோஷை ஒரு மகாராஜாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு நெஞ்சு குதித்தது. ஆனால் அவர் தலையை உதறிக்கொண்டார். "இருந்தாலும் சொன்ன சொல்லு சொன்னதுதான் சாமி. ஆத்தாகிட்டச் சொன்னது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எழுந்துவிட்டேன். அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"ஏனுங்க, பள்ளிபாளையத்துல எங்கப்பனுக்கு ஆத்தோரம் நெல்லு வெளையற பூமி. என்ன உங்களுக்குப் பேசறப்ப எங்கூட்டுல உங்களுக்கு என்ன பேரு வெச்சிருந்தாங்கன்னு தெரியுமா?"

"அக்கா, வேண்டாங்க்கா" என்றார் குரு மாமா.

"தண்ணியில்லாக் காட்டு மாப்பிள்ளை."

அம்மா கரண்டியை அப்பாவின் பக்கம் நீட்டினாள்.

"எங்க பெரியப்பன் சோறு திங்க மாட்டேன்னு படுத்துட்டாரு. அந்தப் பட்டிக்காட்டுக்கா புள்ளையக் குடுக்கறதுன்னு. எங்கப்பன்தான் பையன் மூஞ்சியப் பாருங்கன்னாரு. அவரும் உங்களாட்டக் கற்பூரத்த அணைச்சிருந்தா, நீங்க இன்னைக்கு ஆரு போட்ட டீயக் குடிச்சிட்டிருப்பீங்க?"

"இத்தன வருசமாச் சொல்லவே இல்லியே, சௌந்திரம்."

"அதச் சொல்லிக்காட்டற மாதிரி என்னய வெக்காம இருந்தீங்க."

அப்பா எழுந்து துண்டை உதறினார். "பூக் கேக்கலாம். ஆத்தா உத்தரவு குடுத்தா நடக்கட்டும். இல்லைன்னா இல்ல."

எங்கள் பக்கம் இது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். கோயில் வாசலில் பூவைப் பறிக்கக் குரு மாமா கை நீட்டியதும் அப்பா தட்டிவிட்டார். "உங்க ஒருத்தரையும் நம்ப முடியாது." தானே பறித்து, மரத்துக்குப் பின்னால் போய்த் தானே மடித்துக் கொண்டுவந்தார்.

சன்னதியில் சத்தமாகவே வேண்டினார். "ஆத்தா, வளர்ந்த நாடுன்னு ஒன்னு சொன்னனே, அது எதுன்னு எனக்கே தெரியாது. இந்தக் குருவுக்கும் தெரியாது. நானே தண்ணியில்லாக் காட்டான். என்னயும் நம்பி ஒருத்தரு பொண்ணு குடுத்தாரு. நீ பாத்துச் சொல்லு."

ஒரு பொட்டலத்தை எடுத்தேன். பிரித்தேன். வெள்ளை!

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். குரு மாமா ஏதோ சொல்லிக் கத்தினார். சந்தோஷ் ஓடிப்போய்க் கோயில் மணியை அடி அடி என்று அடித்தான். அந்த அமர்க்களத்தில் அப்பா மட்டும் அவசரமாக மற்ற பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன்.

நான் காலில் விழுந்தேன். என்னைத் தூக்கிவிட அவர் குனிந்தபோது அந்தப் பொட்டலம் மடியிலிருந்து நழுவி, என் கைக்கு அருகில் விழுந்து பிரிந்தது. அதிலும் வெள்ளை அரளி.

அண்ணாந்து பார்த்தேன். அப்பா பூவை அள்ளி மறுபடி மடியில் திணித்துக்கொண்டே என் காதோரம் குனிந்தார்.

"ஆத்தாளுக்குத் தெரியும் சாமி. மாதேஸ்வரனுக்குத் தெரிய வேண்டாம்."